கேஸ்காரர் மேல் இருந்த கேஸ்

மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு "கேஸ்!" என்று ஒரு குரல் கொடுப்பார். மூன்று மாடியிலும் கதவு திறக்கும். முழு சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறிவிடுவார். காலி சிலிண்டரை இறக்கும்போதுதான் நிதானம். படியில் இடித்துச் சத்தம் வராமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கீழ்வீட்டில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து பகலில் தூங்கும் நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அவள் கேட்டுக்கொண்டதில்லை. அவராகவே தெரிந்துவைத்திருந்தார்.

ஒரு வீட்டின் அடுப்படி வரைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போகிற வெளி ஆள் எங்கள் தெருவில் கேஸ்காரர் ஒருவர்தான். எந்த வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டில் மருமகள் நின்றுகொண்டே சாப்பிடுகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. சிலிண்டர் வர இரண்டு நாள் தாமதமானால் பெண்கள் பிடித்துக்கொள்வார்கள். "நாளைக்குக் காலைல கண்டிப்பா வந்துடும்மா" என்பார். இப்படித்தான் போன தடவையும் சொன்னீங்க என்று யாராவது இழுத்தால், "நான் கேஸ் போடற ஆளும்மா, கேஸ் விடற ஆள் இல்ல" என்பார். கோபமாக இருந்தவள் சிரித்துவிடுவாள்.

அவர் மனைவி துணி தேய்க்கும் கடையில் வேலை பார்த்தாள். ஒரே மகள். படிப்பை முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடையில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். இரண்டு அறை வீடு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக ஒரு சினிமா. பெரிய ஆசை என்று எதுவும் அந்த வீட்டில் இருந்ததில்லை.

இரண்டாம் மாடியில் போட்டோ ஸ்டூடியோக்காரர் குடும்பம். அவர், மனைவி, காலேஜில் படித்துக்கொண்டிருந்த மகன். அந்த அம்மா நல்ல மாதிரி. கேஸ்காரர் வந்தால் முதலில் ஃபேனைப் போட்டு, "ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்கண்ணே" என்று தண்ணீர் கொடுப்பார். மகள் வேலைக்குப் போகிறாளா, சம்பளத்தைக் கையில் கொடுக்கிறாளா என்றெல்லாம் விசாரிப்பார். அந்த அடுப்படியில் ஒன்றுதான் கேஸ்காரருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அடுப்புக்குப் போகிற ரப்பர் டியூப் இறுகிப்போய், வளைவில் வெடிப்பு விட்டிருந்தது. மாற்றிவிடுங்கள் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டார். அந்த அம்மா புருஷனிடம் சொல்லியிருக்கிறார். அவரோ, "இவனுங்க டியூப் விக்கறதுக்கு ஏதாவது சொல்லுவானுங்க. அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம். இதை அந்த அம்மாவே சங்கடமாகச் சிரித்துக்கொண்டு கேஸ்காரரிடம் சொன்னார்.

கடைசியாக அந்த வீட்டுக்குச் சிலிண்டர் போட்ட அன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பழைய சிலிண்டர் தீரவில்லை. "அந்த மூலையில வச்சிட்டுப் போங்கண்ணே, தீந்ததும் நானே மாத்திக்கறேன்" என்றார் அந்த அம்மா. டியூப்பை மறந்துடாதீங்க என்று இவர் வாசலில் நின்று இன்னொரு தடவை சொன்னார். இந்த வாரம் மாற்றாமல் விடமாட்டேன் என்று அந்த அம்மா சொன்னதை, தன் வீட்டுச் சிலிண்டருக்காகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்ற எதிர்வீட்டு அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலை நேரத்தில் அடுப்படி பற்றிக்கொண்டது. கேஸ்காரர் அடுத்த தெருவில் வண்டியிலிருந்து சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு, வண்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்தபோது, அந்த அம்மாவை ஒரு போர்வையில் சுற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலில் இருந்த ஆள், "அந்தத் தீக்காய கேஸா? யாரையும் உள்ள விடமாட்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டான். அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். பிறகு ஒரு நாள் அதே ஆள், இவர் கேட்பதற்கு முன்பே, "அந்த கேஸ் போயிடுச்சுங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போலீஸ் வந்தபோதும் அப்படியேதான் இருந்தார்.

ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். கேஸ்காரர்தான் வந்து பழைய சிலிண்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினார், கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்க்கவில்லை, அவசரமாகப் போய்விட்டார் என்று. டியூப்பைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. டியூப்பும் இல்லை, எரிந்துபோயிருந்தது.

அவருக்கும் கேஸ்காரருக்கும் முன்பகை கிடையாது. ஸ்டேஷனில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தபோதுகூட ஸ்டூடியோக்காரர் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லையாம். ஆஸ்பத்திரி நடையில் வைத்து அவர் மகன், "அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்களே, ஏம்ப்பா மாத்தல?" என்று கேட்டானாம். அதற்கு ஒரு பதில் வேண்டியிருந்திருக்கிறது. கையில் அகப்பட்ட பதில் கேஸ்காரர். தெருவில் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். இது எனக்குச் சரியாகவே படுகிறது. கெட்ட மனுஷன் செய்கிற காரியமாக இருந்திருந்தால் எப்போதாவது கைவிட்டிருப்பார். பயந்த மனுஷன் செய்த காரியம், அதனால் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

ஏஜென்சி மேனேஜர் நல்லவிதமாகத்தான் சொன்னார். "உங்க மேல கேஸ் இருக்கிற வரைக்கும் நீங்க கேஸ் தூக்க முடியாது." சொன்ன பிறகுதான் தன் வார்த்தை தனக்கே வேடிக்கையாகக் கேட்டிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேஸ்காரர் யூனிஃபார்ம் சட்டையை மடித்து மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

ஆங்கிலத்தில் அது இரண்டு தனித்தனிச் சொல் என்று மகள் ஒரு நாள் எழுதிக் காட்டினாள். எழுத்து வேறு, சொல்கிற விதமும் வேறாம். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. தெருவின் வாயிலும் அப்படித்தான். புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது "எந்தக் கேஸ்காரர்?" என்று கேட்டால், "அதான், கேஸ் நடக்குதே, அவரு" என்று அடையாளம் சொன்னார்கள். சிலிண்டர் போட வேறு ஆள் வந்துவிட்டான். பட்டம் மட்டும் இவரிடமே தங்கிவிட்டது.

எதிர்வீட்டு அம்மாவைப் பார்க்க அவர் மனைவி போனாள். அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஆமாம், மூலையில் வைக்கச் சொன்னது என் காதில் விழுந்தது, டியூப்பைப் பற்றிச் சொன்னதும் விழுந்தது.

"அப்ப அதை வந்து சொல்லுங்கக்கா. அது போதும்."

"தினம் கதவைத் திறந்தா அவர் மூஞ்சிலதான் முழிக்கணும். பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கற மனுஷன். நான் போய்க் கோர்ட்ல நின்னு அவரைப் பொய்யன்னு சொன்னா, அப்புறம் நான் இங்க எப்படிம்மா குடியிருக்கறது?"

"எங்க வீட்டுக்காரரு ஜெயிலுக்குப் போனா பரவாயில்லையாக்கா?"

"கடவுள் அப்படியெல்லாம் விடமாட்டாரு" என்றார் அந்த அம்மா. கேஸ்காரர் மனைவி எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுத் துணி கடைக்கு வந்தால் கையில் தொடமாட்டாள். முதலாளியிடம் திட்டு வாங்குவாள், அப்போதும் தொடமாட்டாள்.

ஜாமீனில் வெளியே வந்தவருக்குப் பிறகு கோர்ட்டே கதி. மாட்டுக் கொட்டகை மாதிரி நீண்ட தாழ்வாரம், முதுகு சாய்க்க முடியாத பெஞ்சுகள். காலையில் போய் உட்கார்ந்தால் ஒன்று ஜட்ஜ் இருக்கமாட்டார், இல்லாவிட்டால் வக்கீல் வேறு கோர்ட்டில் இருப்பார். தேதி வாங்கிக்கொண்டு திரும்புவார். வக்கீலுக்கு அவர் முகம் நினைவிலேயே நின்றதில்லை. ஒவ்வொரு தடவையும் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே, "நீங்க எந்த கேஸு?" என்பார். "கேஸ் கேஸுங்க" என்று இவர் சொல்வார். வக்கீல் குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் சிரிப்பான். முதல் சில தடவைகள் கேஸ்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

இடையில் கிடைத்த வேலையைப் பார்த்தார். லாரியில் மூட்டை ஏற்றினார், ஒரு ஃபர்னிச்சர் கடையில் பீரோ தூக்கினார். தூக்குவதைத் தவிர வேறு வேலை அவருக்குத் தெரியாது. எங்கே சேர்ந்தாலும் அடிக்கடி கோர்ட்டுக்கு லீவு கேட்க வேண்டியிருந்தது. லீவு எதற்கென்று தெரிந்ததும், மரியாதை குறையாமல் நிறுத்திவிடுவார்கள்.

அந்தத் தாழ்வாரத்தில்தான் ஒரு நாள் நெஞ்சு அடைத்தது. இடது தோளிலிருந்து விரல் வரைக்கும் ஒரு மரமரப்பு. வியர்த்து ஊற்றியது. பக்கத்தில் இருந்தவர், "காலைல சாப்பிடலையா? கேஸா இருக்கும்" என்றார். குமாஸ்தா ஓடிப்போய் சோடா வாங்கி வந்தான். ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று நாலு பேர் சொன்னார்கள். இவரும் அப்படித்தான் நினைத்தார். சோடாவைக் குடித்துவிட்டு, பெயரைக் கூப்பிடுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்து, தேதியை வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். வாசற்படி ஏற முடியவில்லை. மகள் கடையிலிருந்து ஓடிவந்து ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனாள். கேஸ் இல்லை, மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். இனிமேல் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் வாளிகூட வேண்டாமாம்.

இதற்கு நடுவில் மகளுக்கு இரண்டு இடம் வந்து போயிற்று. முதல் இடத்துக்காரர்கள் பார்த்துப் பேசிவிட்டு, பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, பிறகு போனை எடுக்கவில்லை. இரண்டாவது பையன் நேராகக் கடைக்கே வந்து மகளிடம் பேசினான். நல்ல பையன் போலிருக்கிறது, பொய் சொல்லவில்லை. உங்க அப்பா மேல ஒரு சாவு கேஸ் இருக்குன்னு எங்க பெரியப்பா கேள்விப்பட்டுட்டாரு, வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க என்றான். அவள் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்ற வாடிக்கையாளருக்குக் கண்ணாடி போட்டு அளவு பார்த்தாள். வீட்டுக்கு வந்து, "இனிமே யாரையும் கூட்டிட்டு வராதீங்க" என்றாள். தாய் அழுதபோது, அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வருஷங்கள் ஓடிய பிறகு ஒரு நாள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்பு, தீர்ப்பு வந்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளித்து விடுவிக்கிறோம். வக்கீல் முதுகில் தட்டி, "விடுதலை, போங்க" என்றார்.

கேஸ்காரர் நகரவில்லை. "அப்ப நான் செய்யலன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்.

"செஞ்சீங்கன்னு அவங்களால நிரூபிக்க முடியலன்னு சொல்லிட்டாங்க."

"நான் செய்யலன்னு?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார் வக்கீல். அடுத்த கட்டுக்குப் போய்விட்டார்.

ரெண்டும் ஒன்றில்லை என்று ஏஜென்சியில் தெரிந்தது. மேனேஜர் மாறியிருந்தார். புது மேனேஜர் சின்ன வயசு. தீர்ப்பைக் கேட்டுவிட்டு, சந்தேகம் சந்தேகமாத்தானே இருக்குதுங்க என்றார். இவருக்கும் அந்த வேலை வேண்டியிருக்கவில்லை. ஒரு சிலிண்டரை அசைத்தால்கூட உயிருக்கு ஆபத்து. வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பியிருக்கலாம், அதற்காகத்தான் போயிருந்தார். ஒரு துணிக்கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற வேலை கிடைத்தது. நாற்காலி கொடுத்திருந்தார்கள்.

விடுதலையாகிக் கொஞ்ச காலம் கழித்து, ஒரு சாயங்காலம் ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கு வந்தார்.

ஆள் பாதியாகியிருந்தார். வாசலிலேயே நின்றார். மனைவி உள்ளே கூப்பிடவில்லை, கேஸ்காரர்தான் கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வந்தவர் உட்காராமலே பேசினார். மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்களாம். பெண் வீட்டில் எல்லாம் பிடித்துப்போய்விட்டது. இப்போது யாரோ ஊதிவிட்டிருக்கிறார்கள்: கேஸ்காரருக்குத்தான் விடுதலை ஆகிவிட்டதே, அப்படியானால் அந்த அம்மா எப்படிச் செத்தாள்? தானாகக் கொளுத்திக்கொண்டாளா, புருஷன் கொளுத்தினானா? பெண்ணின் அப்பா விசாரிக்கக் கிளம்பியிருக்கிறார். இங்கேயும் வருவார்.

"வந்து கேட்டா..." என்று நிறுத்தினார் ஸ்டூடியோக்காரர். "நான் மாட்டும்போது ஏதோ கவனக்குறைவா ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் கேஸ் முடிஞ்சுபோச்சே. இனிமே நீங்க சொல்றதால உங்களுக்கு எதுவும் ஆகப்போறதில்ல. பையன் வாழ்க்கைங்க."

"டியூப்பை மாத்தச் சொன்னேனா இல்லியா?" என்று கேஸ்காரர் கேட்டார். குரல் உயரவில்லை.

"சொன்னீங்க."

"அன்னிக்கு நான் மாட்டுனேனா?"

ஸ்டூடியோக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார். அத்தனை வருஷம் கோர்ட்டில் வராத பதில், டி.வி. ஓடிக்கொண்டிருந்த அந்தச் சின்ன அறையில் வந்தது. கேட்டதற்குக் கேஸ்காரரும் அவர் மனைவியும் மட்டுமே சாட்சி.

மனைவி அடுப்படி வாசலில் நின்று, "எங்க பொண்ணும் ஒரு பொண்ணுதான். கெளம்புங்க" என்றாள். அவர் போய்விட்டார்.

பெண்ணின் அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தார். வயதான, நிதானமான மனிதர். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்தவராம். எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டதற்கு, எனக்கு ஒன்றும் தெரியாது, கேஸ்காரரைப் போய்க் கேளுங்கள் என்றாராம். தயக்கமாக உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்க, பெத்த மனசு" என்று ஆரம்பித்தார்.

கேஸ்காரர் என்ன சொல்லப்போகிறார் என்று அவர் மனைவிக்கே தெரியாது. எனக்குத் தெரியாதுங்க என்று சொல்லியிருந்தால் போதும், சம்பந்தம் முறிந்திருக்கும். ஸ்டூடியோக்காரர் கேட்டுக்கொண்ட மாதிரி சொல்லவும் வழி இருந்தது. அவர் நடந்ததைச் சொன்னார். டியூப் பழசாக இருந்தது. மாற்றச் சொன்னேன், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சிலிண்டரை மூலையில் வைத்துவிட்டு வந்தேன், அந்த அம்மாவே மாட்டியிருக்கிறார்கள். அது விபத்து. "அந்தம்மா சாகணும்னு நினைக்கிற ஆளு இல்லீங்க. அவரும் பொண்டாட்டிய ஒரு வார்த்தை கடிஞ்சு பேசி நான் கேட்டதில்ல. உங்க பொண்ணை நம்பிக் குடுக்கலாம்."

பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். குறுக்குக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. சாட்சி உண்டா, ஆதாரம் உண்டா என்று கேட்கவில்லை. "உங்களப் பாத்தாலே தெரியுது, நீங்க பொய் சொல்றவர் இல்ல" என்றார். கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மனசுபாரம் இறங்கியவராக எழுந்து போனார்.

அவர் தலை மறைந்ததும் மனைவி டி.வி.யை அணைத்தாள். "நம்ம பொண்ணுக்குன்னு வந்தவங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர், இப்படி நம்ம வீட்ல வந்து உக்காந்து உங்களக் கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்புறம் நீங்க மட்டும் எதுக்கு வரிஞ்சு கட்டிக்கிட்டு அவன் வீட்டுக்கு நல்லது பண்றீங்க?"

"தெரியாதுன்னு சொன்னா அந்தம்மா பேருதான் கெடும். செத்தவங்க வந்து பேசுவாங்களா?"

"உயிரோட இருக்கறவ பேரு?" என்றாள் அவள். பல நாள் அவள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். மகள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லதுதான் பண்ணீங்கப்பா" என்றாள். கடைக்கு வருகிறவர்களிடம், இந்த ஃப்ரேம் உங்களுக்கு எடுப்பா இருக்கு சார் என்று சொல்வாளே, அதே குரல்.

அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பையனும் பெண்ணும் இரண்டாம் மாடியிலேயே இருக்கிறார்கள். அடுப்படியைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி.

மகள் அதே கண்ணாடிக் கடையில் இப்போது சூப்பர்வைசர். தலையில் இரண்டொரு நரை தெரிகிறது, மறைப்பதில்லை. தாயும் மகளும் சாப்பிடும்போது கடையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஸ்டூடியோக்காரர் துணிக்கடைப் பக்கம் வரவேண்டியிருந்தால், ஸ்கூட்டரை டோக்கன் கொடுக்கும் இடத்தில் விடுவதில்லை. இரண்டு தெரு தள்ளி, வெயிலில், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்.